லேடர் டெஸ்ட்டில் தெரியும் தட்டையான இடத்தை நம்பலாமா? (6.5 கிரீட்மோர் ரீலோடிங்)

புதுக்குறி:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸில் இருக்கிறேன். கடைத் தோட்டாவை விட்டுவிட்டு இந்த ஆண்டுதான் ரீலோடிங் (கூட்டில் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், குண்டு போட்டு நாமே தோட்டா செய்வது) தொடங்கியிருக்கிறேன். ரைஃபிள் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைக்கானது, குண்டு 140 கிரெயின் (எடை அலகு) மேட்ச் வகை, அதாவது போட்டிக்கானது, பித்தளைக் கூடுகள் எல்லாம் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி). கையேட்டில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் வீதம் பவுடரை ஏற்றிப் பத்துப் படிகள் சுட்டேன், லேடர் டெஸ்ட் என்பது இதைத்தான். படிக்கு மூன்று தோட்டா, 100 கஜ தூரம், பக்கத்தில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப்.

நடுவில் இரண்டு படிகளுக்கு இடையே வேகம் ஏறவே இல்லை, அங்கே வரைபடம் தட்டையாக நிற்கிறது. அந்த இரண்டில் ஒன்றில் குரூப் (மிகத் தூரமான இரண்டு ஓட்டைகளுக்கு இடைப்பட்ட தூரம்) 0.4 அங்குலம். அதற்கு அடுத்த படியில் 1.1 அங்குலம்! யூடியூப் வீடியோக்களில் 'நோட்' (பவுடர் அளவு சற்று மாறினாலும் வேகமும் குறியும் மாறாத இடம்) என்று சொல்வது இதைத்தானே? இந்த அளவையே வைத்துக்கொண்டு, குண்டை எவ்வளவு ஆழத்தில் அமர்த்துவது என்ற சோதனைக்குப் போய்விடலாமா?

மட்டுறுத்துநர்:
இழை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் பவுடர் பெயரையும் எடையையும் சேர்த்து இங்கே எழுத வேண்டாம். அந்த எண்கள் குண்டு, பவுடர் தயாரிப்பாளர்களின் கையேட்டிலிருந்துதான் வர வேண்டும். இணையத்தில் ஒரு இலக்கம் தவறாகத் தட்டச்சானாலும் யாரோ ஒருவர் முகத்துக்கு நேரே துப்பாக்கி வெடித்துவிடும்.

தராசுமுள்:
புதுக்குறி, நல்ல கேள்வி. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பவுடரையும் பிரைமரையும் வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேகம். இந்த அளவுள்ள கூட்டில் 0.3 கிரெயின் ஏற்றினால் சராசரியாக வினாடிக்கு 15 அடி கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டாக்களின் எஸ்டி (திட்ட விலக்கம், அதாவது வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 10 அடி என்றும் வைத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்கியவருக்கு அது நல்ல எண்தான். மூன்று மூன்றாகச் சுட்டு சராசரி எடுக்கும்போது, அடுத்தடுத்த இரு படிகளின் வித்தியாசத்தில் மட்டுமே 8 அடி அளவுக்குத் தற்செயல் ஆட்டம் இருக்கும். அதாவது உண்மையில் வேகம் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனாலும், ஒன்பது இடைவெளிகளில் ஒன்றாவது தட்டையாகத் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. படிக்கு ஒரே தோட்டா சுடுபவர்களுக்கு இரண்டு இடங்கள்கூடத் தெரியும். பீப்பாய் எதையோ சொல்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது ஒன்றுமே சொல்லவில்லை.

அடுத்து குரூப். உங்கள் ரைஃபிள் சராசரியாக 5 குண்டு குரூப்பை 1 எம்ஓஏ-வில் (கோண அளவு, 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம்) போடும் என்று எடுத்துக்கொள்வோம். அதே ரைஃபிளின் 3 குண்டு குரூப் சராசரி ஏறக்குறைய 0.8-க்கு வரும், 10 குண்டு குரூப் சராசரி 1.25-க்குப் போகும். லோடு (குண்டு, பவுடர், அதன் அளவு எல்லாம் சேர்ந்த சேர்க்கை) மாறவில்லை, எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. இன்னொன்று: ஒரே லோடில், எதையுமே மாற்றாமல், பத்துத் தாள்களில் மூன்று மூன்றாகச் சுட்டால், மிகச் சிறியது 0.35 பக்கமும் மிகப் பெரியது 1.2 பக்கமும் வருவது சாதாரணம். உங்கள் 0.4, 1.1 இரண்டுமே இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன.

தாயக்கட்டையை உருட்டி இரண்டு முறை தொடர்ந்து தாயம் விழுந்தால் கட்டையில் ஏதோ கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. தாளில் மூன்று ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் மட்டும் லோடு கிடைத்துவிட்டது என்று கொண்டாடுகிறோம்.

அதே பத்துப் படிகளை இன்னொரு நாள் திரும்பச் சுடுங்கள். தட்டையான இடம் அதே படியில் வருகிறதா என்று பாருங்கள். வராது என்பதுதான் என் கணிப்பு.

பெஞ்ச்ரெஸ்ட்_ஓஹையோ:
தராசுமுள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் 6 பிபிசி சுடுபவன். 1975-இல் பால்மிசானோவும் பிண்டெலும் உருவாக்கிய தோட்டா, இன்றைக்கும் குறுந்தூர பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்து, குரூப்பை மிகச் சிறிதாக்கச் சுடுவது) போட்டிகளில் அதுதான் கோலோச்சுகிறது. நாங்கள் ரேஞ்சிலேயே மேசை போட்டு, காலையில் ஒரு அளவு, வெயில் ஏறியதும் ஒரு அளவு என்று பவுடரை மாற்றிக்கொண்டே சுடுகிறோம். குண்டின் ஆழத்தில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு மாற்றினாலே குரூப்பின் வடிவம் மாறுவது தெரியும். இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேர் பார்த்துவரும் ஒன்றை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா?

கிரெய்டன் ஆடெட் லேடர் முறையைச் சொல்லிக் கொடுத்ததும் காரணமில்லாமல் இல்லை. அவர் அதை 100 கஜத்தில் செய்யச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தராசுமுள்:
அண்ணே, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவே இல்லை. உங்கள் ரைஃபிளின் இயல்பான சிதறலே 0.2 எம்ஓஏ. கனமான பீப்பாய், ஒரு திசையில் மட்டும் நகரும் ஓய்வுமேடை, கையால் செய்த குண்டு, வரிசையாகக் காற்றுக்கொடி. இரைச்சல் அவ்வளவு குறைவாக இருந்தால் சின்ன மாற்றமும் கேட்கும். புதுக்குறியின் கடை ரைஃபிளில் இரைச்சல் ஐந்து மடங்கு. அதில் அதே மெல்லிய குரலைக் கேட்க வேண்டுமானால் தோட்டா எண்ணிக்கையை ஐந்து மடங்கு அல்ல, அதைவிட மிக அதிகமாக ஏற்ற வேண்டும்.

உங்கள் போட்டி விதியையே பாருங்கள். ஐந்து 5 குண்டு குரூப்களின் சராசரியைத்தானே அக்ரிகேட் என்று கணக்கிடுகிறார்கள்? ஒரு தாளை வைத்து யாருக்கும் அங்கே அக்ரிகேட் கோப்பை கொடுப்பதில்லை. மாதிரி எண்ணிக்கையின் அருமை உங்கள் ஆட்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

தூரம் பற்றிச் சொன்னதும் முக்கியமானது. 2,700 அடி வேகத்தில் புறப்படும் குண்டில் 20 அடி வேக வித்தியாசம் 100 கஜத்தில் வெறும் ஒரு மில்லிமீட்டர் உயரத்தைத்தான் மாற்றும். அது ஓட்டையின் விளிம்புக்குள்ளேயே மறைந்துவிடும். ஆயிரம் கஜத்திலோ, 10 அடி வித்தியாசமே இரண்டரை, மூன்று அங்குலம் மேலும் கீழும் தள்ளும். ஆகவே 100 கஜத் தாளில் குரூப் மேலும் கீழுமாக நீண்டால் அதற்கு வேகத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

மாதிரிக்கூறு:
தொழில்முறையில் புள்ளியியல் சொல்லித் தருபவன், பொழுதுபோக்காக .308 சுடுபவன். எஸ்டி பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஐந்து தோட்டா சுட்டு குரோனோகிராஃப் திரையில் எஸ்டி 10 என்று வருகிறது. உண்மையான எஸ்டி எவ்வளவு இருக்கலாம்? 90 விழுக்காடு உறுதியோடு சொன்னால் 6.5-இலிருந்து 24 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பத்து தோட்டாவில் 10 வந்தால் 7-க்கும் 16-க்கும் இடையில். இருபதில் 8-க்கும் 14-க்கும் இடையில். முப்பதுக்குப் போனால் 8-க்கும் 13-க்கும் இடையில். இருபதுக்கு மேல் உழைப்புக்கு ஏற்ற பலன் குறைகிறது, அதனால் இருபது ஒரு நியாயமான நிறுத்தம்.

இரண்டு லோடுகளை ஒப்பிடுவது இதைவிடக் கடினம். இரண்டையும் பத்துப் பத்து தோட்டா சுட்டாலும், ஒன்றின் எஸ்டி மற்றதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்தால்தான் வேறுபாடு உண்மை என்று தைரியமாகச் சொல்லலாம். 'இந்த பிரைமரில் எஸ்டி 9, அந்த பிரைமரில் 12, ஆகவே இதுதான் நல்லது' என்று ஐந்து தோட்டாவை வைத்து எழுதுகிறார்களே, அந்த வாக்கியத்துக்கு அடித்தளமே கிடையாது.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சின்ன மாதிரியை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதை டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908-இலேயே 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிவிட்டார். அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் கிரப்ஸ் 1964-இல் ரைஃபிள்காரர்களுக்கென்றே சிதறல் அளவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்த அட்டவணைகளை நம் ரேஞ்சுகளில் ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மலைமான்:
மொன்டானாவிலிருந்து. நான் மான் வேட்டைக்காரன், போட்டிக்காரன் இல்லை. மலையில் எனக்குக் கிடைப்பது குளிர்ந்த பீப்பாயிலிருந்து ஒரே ஒரு குண்டு. என் ரைஃபிளின் பீப்பாய் பென்சில் மாதிரி மெலிசு, நான்காவது குண்டிலேயே சூடாகிவிடும். இருபது குண்டு குரூப் எனக்கு எதற்கு? இன்றைய விலையில் அத்தனை பிரைமரை யார் எரிப்பது? 2020-க்குப் பிறகு பிரைமருக்காகக் கடை கடையாய் அலைந்ததை இன்னும் மறக்கவில்லை.

தராசுமுள்:
மலைமான், உங்களுக்கு ஏற்ற வழி இருக்கிறது. இருபதையும் ஒரே மூச்சில் சுட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் குளிர்ந்த பீப்பாயில் இரண்டு, மூன்று மட்டும் சுடுங்கள். ஸ்கோப் திருகைத் தொடாதீர்கள், எப்போதும் ஒரே குறிப்புள்ளி. அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பிறகு எல்லாத் தாள்களின் குறிப்புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி அடுக்கி, ஓட்டைகளை ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுப்படம்தான் உங்கள் ரைஃபிள் மலையில் உண்மையில் எப்படிச் சுடும் என்பது. வெவ்வேறு நாள், வெவ்வேறு வெயில், வெவ்வேறு தோள்நிலை எல்லாம் அதில் வந்துவிடுகிறது. ஒரே நாளில் சுட்ட அழகான குரூப்பைவிட அது நேர்மையானது.

மானின் உயிர்நிலைப் பகுதி எட்டுப் பத்து அங்குலம். 300 கஜத்துக்குள் சுடுபவருக்கு அந்தக் கூட்டுப்படம் மொத்தமாக 2 எம்ஓஏ-வுக்குள் நின்றால் தாராளம். அப்போது லோடு தேடலை நிறுத்திவிட்டு, முழங்காலில் அமர்ந்து சுடும் பயிற்சிக்கு மிச்ச தோட்டாவைச் செலவிடலாம். நல்ல வேட்டைக் குண்டு எந்த வேகத்தில் எப்படி விரியும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. ஓட்டை கால் அங்குலம் சுருங்குவது அந்த விலங்குக்கு எந்த வகையிலும் உதவாது.

அளக்கும்போது ஒரு யோசனை. நாம் எல்லோரும் மிகத் தூரமான இரண்டு ஓட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்கிறோம். இருபது குண்டு சுட்டால் பதினெட்டின் தகவலைக் குப்பையில் போடுகிறோம் என்று அர்த்தம். குரூப்பின் மையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வோர் ஓட்டையின் தூரத்தையும் அளந்து சராசரி எடுங்கள். அதுதான் சராசரி ஆரம், மீன் ரேடியஸ் என்பார்கள். எல்லா குண்டும் அதில் சாட்சி சொல்கின்றன. 5 குண்டு குரூப் சராசரி 1 அங்குலம் போடும் ரைஃபிளுக்கு இது சுமார் 0.4 அங்குலம் வரும். கைப்பேசியில் தாளைப் படம் எடுத்தால் கணக்குப் போட்டுத் தரும் செயலிகள் இருக்கின்றன.

புதுக்குறி:
அண்ணா, தலை சுற்றுகிறது. சரி, நோட் என்பதை மறந்துவிடுகிறேன். அப்படியானால் எதை மாற்றினால்தான் உண்மையில் வித்தியாசம் தெரியும்? எதில் கவனம் வைப்பது?

தராசுமுள்:
என் வரிசையில் முதலில் பீப்பாய், அதற்கு அடுத்து குண்டு. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

1909-இலேயே ஃபிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர், கனமான பீப்பாய்களை கான்கிரீட் தூணில் பதித்துப் பல ஆண்டு சுட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். ஆள் நடுக்கம், தோள் உதை எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் சிதறல் மிஞ்சியது. குண்டின் அடிப்பாகம் கோணலாக இருப்பதும், குண்டின் எடைமையம் சுழலும் அச்சில் இல்லாமல் விலகியிருப்பதும்தான் பெரிய காரணங்கள் என்று காட்டினார். நூறாண்டு கழிந்தும் இது மாறவில்லை. பீப்பாய்க்குப் பிடிக்காத குண்டைப் பவுடர் அளவை மாற்றிச் சரிசெய்ய முடியாது. குண்டை மாற்றினால் இருபது தோட்டாவுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடைக்கும். பவுடரின் வகையை மாற்றினாலும் சில சமயம் தெரியும். அதே பவுடரில் 0.2 கிரெயின் கூட்டிக் குறைத்தால் பெரும்பாலும் தெரியாது.

எனவே நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். கையேட்டில் அந்தக் குண்டுக்குப் பரிந்துரைத்த பவுடர்களில், கூட்டை நன்றாக நிரப்பும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க அளவிலிருந்து மெதுவாக ஏறுங்கள். இந்த ஏற்றம் அழுத்தத்தைப் பார்க்க மட்டும்தான், நோட் தேடுவதற்கு அல்ல. உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழே, உங்களுக்குப் போதுமான வேகம் கிடைக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். குண்டின் ஆழத்தை, லேண்ட்ஸைத் (பீப்பாயின் உள்ளே இருக்கும் திருகுவரி மேடுகளை) தொடாத, மேகசினில் அடங்கும் ஒரு நீளத்தில் வைத்து இருபது சுடுங்கள். சராசரி ஆரம் உங்கள் தேவைக்குள் இருக்கிறதா? வேலை முடிந்தது. இல்லையா? குண்டை மாற்றுங்கள். நல்ல குண்டு இரண்டு மூன்றுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் ஸ்கோப் மவுண்ட், ஆக்‌ஷன் திருகு (இயங்குபகுதியைக் கட்டையோடு இறுக்குவது), கடைசியாகப் பீப்பாய் என்று பாருங்கள்.

மேசையில் கவனம் வேண்டிய இடங்கள் எல்லாமே ஒரே சீராக வைத்திருப்பதைப் பற்றியவை. சுட்ட கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலம் மட்டும் பின்தள்ளுவது, கழுத்தின் பிடி எல்லாக் கூட்டிலும் ஒரே மாதிரி இருப்பது, பிரைமர் அடிவரை ஒரே அழுத்தத்தில் உட்காருவது. தராசு 0.1 கிரெயின் காட்டினால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 0.1 கிரெயின் என்பது ஏறக்குறைய 5 அடி வேகம். 600 கஜத்துக்குள் சுடுபவருக்கு நன்றாகவே போதும். ஆயிரம் கஜத்தில் போட்டி போடுபவர்கள் 0.02 கிரெயின் காட்டும் தராசு வாங்குவதில் நியாயம் உண்டு.

பெஞ்ச்ரெஸ்ட்_ஓஹையோ:
குண்டு, பீப்பாய் பற்றிச் சொன்னதற்கு முழுச் சம்மதம். குண்டின் ஆழம் பற்றி மட்டும் ஒரு திருத்தம். கூர்மையான ஓஜைவ் (முனைப்பக்க வளைவு) உள்ள சில குண்டுகளுக்கு லேண்ட்ஸ் வரையிலான தாவல் தூரம் உண்மையாகவே பெரிய வித்தியாசம் தரும். அதனால் ஆழத்தை ஆயிரத்தில் மூன்று என்று நுணுகிப் பார்க்காமல், ஆயிரத்தில் 10, 50, 90 என்று பெரிய இடைவெளியில் மூன்று இடம் பார்ப்பது வீணாகாது. ஒவ்வொன்றிலும் பத்துக்குக் குறையாமல் சுட வேண்டும்.

தராசுமுள்:
ஏற்றுக்கொள்கிறேன். பெரிய எட்டு வைத்தால் பெரிய மாற்றம் தெரியும், சின்ன மாதிரியிலேயே பிடிபடும். நல்ல யோசனை.

ஐம்பது_மீட்டர்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். .22 ரைஃபிள் புரோன் (குப்புறப் படுத்துச் சுடும் போட்டி) சுடுகிறேன். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் தோட்டா தயாரிக்க முடியாது, அதோடு ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்தே விளிம்புக்குள் இருப்பதால் ரீலோடிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே வழி லாட் தேர்வு. ஒரே பிராண்டில் எட்டு, பத்து லாட்களைச் சுட்டு, சிறந்த குரூப் வந்த லாட்டை ஆண்டுக்கான தோட்டாவாக வாங்குவோம். ஆனால் தேர்வில் பிரமாதமாக இருந்த லாட் பிறகு சாதாரணமாகிவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். சேமித்து வைத்த இடத்தின் வெப்பம் காரணமாக இருக்குமா?

மாதிரிக்கூறு:
வெப்பத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் தேர்வு முறையைப் பாருங்கள். பத்து லாட்களும் உண்மையில் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டாலும், சோதனையில் ஒன்று முதலிடம் பெற்றே தீரும். அந்த முதலிடத்தில் கொஞ்சம் தரம், கொஞ்சம் அன்றைய அதிர்ஷ்டம் இரண்டும் கலந்திருக்கும். வாங்கி வந்த பெட்டியில் தரம் மட்டும்தான் வரும், அதிர்ஷ்டம் வராது. அதனால் 'முன்பு போல் இல்லை' என்று தோன்றும். அதற்காக லாட் தேர்வு வீண் என்று நான் சொல்லவில்லை. ரிம்ஃபயரில் லாட்டுக்கு லாட் வித்தியாசம் நிஜம்.

முதல் சுற்றில் லாட்டுக்குப் பத்துப் பத்தாக இரண்டு குரூப் சுட்டுத் தெளிவாக மோசமானவற்றை மட்டும் கழித்துவிடுங்கள். மீதமுள்ள மூன்றை வேறொரு நாள் புதிதாக, லாட்டுக்கு நாற்பது என்று சுடுங்கள். முதல் சுற்றின் எண்களை இரண்டாம் சுற்றோடு கூட்டாதீர்கள். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர் விட்டம். நாற்பதில் எத்தனை அதற்கு வெளியே போயின என்பதைப் பாருங்கள். போட்டியில் புள்ளியைக் குறைப்பது அந்த வெளியே போனவைதான்.

ஐம்பது_மீட்டர்:
இரண்டாம் சுற்றைத் தனியாக வைப்பது நாங்கள் செய்யாத ஒன்று. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடும் பிள்ளைகளும் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று பெல்லட் தலை அளவை ஐந்து ஐந்தாகச் சுட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பயிற்சியாளரிடம் இந்த இழையைக் காட்டுகிறேன். நன்றி சார்.

மலைமான்:
தாள்களை அடுக்கும் யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. பழைய தாள்களை எல்லாம் அடுப்பில் போட்டேனே என்றுதான் இருக்கிறது.

ஆனால் அழுத்தம் பற்றி யாரும் விளக்கவில்லை. புதுக்குறி புதியவர், அதையும் சொல்லுங்கள்.

தராசுமுள்:
சரியாக ஞாபகப்படுத்தினீர்கள். கிரீட்மோருக்கும் .308-க்கும் சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் அமைப்பு வகுத்த உச்ச சராசரி அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதை வீட்டில் அளக்க நம்மிடம் கருவி இல்லை. பிரைமர் தட்டையாவது, போல்ட் தூக்கக் கனமாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது என்று அடையாளங்கள் சொல்வார்கள். இவை தெரியத் தொடங்கும்போது பல சமயம் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருப்போம். அடையாளம் தெரியவில்லை என்பது பாதுகாப்பு என்று அர்த்தமாகாது.

குரோனோகிராஃப்தான் நல்ல காவலாளி. கையேட்டில் உச்ச அளவுக்குச் சொன்ன வேகத்தை, அதே பீப்பாய் நீளத்தில், குறைந்த பவுடரிலேயே நீங்கள் எட்டிவிட்டால் அழுத்தமும் அங்கே போய்விட்டது. அங்கேயே நிறுத்துங்கள். இலவசமாகக் கிடைக்கும் வேகம் என்று ஒன்று இல்லை. பவுடர் லாட், கூட்டின் பிராண்ட், குண்டு, பிரைமர் எது மாறினாலும் கீழிறங்கி மறுபடி ஏறி வாருங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். பவுடர் போட்டு முடித்த கூடுகளை விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றின் உயரமும் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே குண்டை அமர்த்துங்கள். பேசிக்கொண்டோ கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டோ பவுடர் போட வேண்டாம்.

புதுக்குறி:
முடிவெடுத்துவிட்டேன். இருக்கும் பவுடரில், நடுவிலிருந்து சற்று மேலே ஓர் அளவில் இருபது. அதே அளவில் வேறொரு குண்டு, அதையும் கையேட்டைப் பார்த்துத் தனியாக ஏறி வந்து, இருபது. இரண்டின் சராசரி ஆரத்தையும் இங்கே போடுகிறேன்.

தராசுமுள்:
ஒரு சின்னத் திருத்தம். குண்டு மாறினால் 'அதே அளவு' என்று கிடையாது, அந்தக் குண்டுக்குக் கையேடு சொல்லும் எல்லைக்குள் எது வருகிறதோ அதுதான். இரண்டையும் ஒரே நாளில் சுடுங்கள், ஐந்து இது, ஐந்து அது என்று மாற்றி மாற்றி. முதல் இருபதைக் காலையிலும் அடுத்த இருபதை மதியமும் சுட்டால், டெக்சஸ் வெயிலில் குண்டை ஒப்பிடுகிறோமா கானலை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாமல் போய்விடும். தாளின் மூலையில் வெப்பநிலையையும் பவுடர் லாட் எண்ணையும் எழுதிவிடுங்கள்.